குரல்: கமலாசனி, யாழ்ப்பாணம்

சுந்தரலிங்கத்துக்கு எதிரி என்று வெளியில் ஒருவரும் கிடையாது. அவனுடைய வாய் ஒன்றே போதும். கீபோர்ட்டில் கை வைத்தால் கண்டி, மாத்தளை, கம்பளை என்று எந்தக் கல்யாண மண்டபமும் எழுந்து நின்று கேட்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் பாட்டைப் பற்றி, அதிலும் கம்ப்யூட்டரில் பாட்டுச் செய்கிற வித்தையைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தொலைந்தது. கேட்டவர் வந்த பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுத்தான் வீடு போய்ச் சேர வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. வடக்கில் சண்டை, கண்டியில் சோதனை. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கே நெஞ்சில் ஒரு துணிவு வேண்டியிருந்த காலம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்க, இந்த மனிதன் மட்டும் இன்டர்நெட், இன்டர்நெட் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

'மலைக்குரல்' என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். யாரும் கேள்விப்படாத பாடகர்களின் பாட்டுகளைத் தேடிப் பிடித்து அதில் ஏற்றுவான். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற ஒருவர், தெல்தெனியவில் புல்லாங்குழல் வாசிக்கிற ஒரு தபால்காரர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுகிறவர்களைக்கூட விடமாட்டான். "கேட்டுப் பாருங்க, கேட்டுட்டு கீழ ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போங்க. கலைஞனுக்கு அதுதாங்க சாப்பாடு" என்று பின்னாலேயே போவான். அவனுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. யார் பாடினது, யார் எழுதினது, எந்த ஊர் என்று போடாமல் ஒரு பாட்டும் ஏறாது. பத்து வருடம் மற்றவர்களுடைய கசெட்டுகளுக்கு வாசித்து, ஒரு கசெட்டின் அட்டையிலும் தன் பெயரைக் காணாத வயிற்றெரிச்சல் அது.

கமலாசனி அந்தப் பக்கத்துக்குத் தானாக வந்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை. சொந்தமாகக் கம்ப்யூட்டரும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. சந்தியில் ஒரு கடை. கடைக்காரரின் முகவரிக்குக் கடிதம் போனால் அவர் திறந்து, அச்சடித்து, மடித்துக் கொடுப்பார். அந்தக் கடையிலிருந்துதான் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தானே எழுதிப் பாடிய ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள்.

*மழைக்கு முன்னே வந்த காற்றே,*
*என் முற்றம் கூட்டிவிட்டுப் போ.*

கேட்ட அன்று சுந்தரலிங்கம் சாப்பிடவில்லை. மனைவி பாலாம்பிகை சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். மனிதன் ஹெட்போனைக் கழற்றினால்தானே! மூன்று நாளில் கீபோர்ட் வாசித்துச் சேர்த்து, பாட்டை ஏற்றி, கீழே கொட்டை எழுத்தில் 'குரல், வரிகள்: கமலாசனி, யாழ்ப்பாணம்' என்று போட்டு, அவள் அனுப்பிய படத்தையும் வைத்தான். நாற்பது ஐம்பது பேர் கருத்து எழுதினார்கள். அவளிடமிருந்து பதில் வந்தது. 'அண்ணா, என்ர பேரை இவ்வளவு பேர் வாசிக்கினம் எண்டு நினைக்க அழுகை வருது. இஞ்ச எங்கட பேரை ஆக்கள் வாசிச்சால் பயப்பிடுற காலம். இது வேற மாதிரி.'

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா? பாட்டுக்கு டிரம் சேர்க்க வேண்டும் என்று ஆசை பிறந்துவிட்டது. டிரம் அடிப்பவர் கெலிஓயாவில் இருக்கிற சாஹுல் ஹமீது. பாடுகிறவள் யாழ்ப்பாணத்தில். சண்டையால் வடக்குக்குப் போகிற வீதி மூடிக் கிடக்கிறது. இரண்டு பேரும் ஒரு அறையில் உட்கார வழியே இல்லை. அதற்குத்தான் தட்டு இருக்கிறது. 'டிக், டிக், டிக்' என்று நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு தட்டு, ஒரு பாட்டு நீளத்துக்கு. அதைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் அங்கே பாடுவாள், ஹமீது இங்கே அடிப்பார். பிறகு இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்திவிடும். யாழ்ப்பாணத்துக்கு இணையத்தில் அனுப்பியாயிற்று. ஹமீதுக்கு இணையம் சரிப்படாது. அவருக்கு ஒரு சீடியில் எழுதி, பதிவு செய்கிற சாமான்களோடு எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை சுந்தரலிங்கம் கெலிஓயா பஸ்ஸில் ஏறினான்.

பேராதனையில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமான சோதனைதான். அவனுடைய பையைத் திறந்த பொலிஸ்காரர் உள்ளே கை விட்டு வயரை இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கறுப்பு வயர், சிவப்பு வயர், இரண்டு சின்னப் பெட்டி, ஒரு ஹெட்போன், ஒரு சீடி. பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். பெயரை வாசித்தார். பஸ் போய்விட்டது. சுந்தரலிங்கம் போகவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு இன்ஸ்பெக்டர். வயது ஐம்பது இருக்கும், சத்தம் போடாத ஆள். சத்தம் போடுகிறவனைக்கூட நம்பலாம். இப்படி மெதுவாகப் பேசுகிறவனைக் கண்டால்தான் குடல் நடுங்கும். மேசையில் சீடியும் பாடுகிற ஒரு பழைய ரேடியோ செட் இருந்தது. அதில் சீடியைப் போட்டார்கள்.

டிக். டிக். டிக். டிக்.

பாட்டு வருமென்று காத்திருந்தார்கள். வரவில்லை. சுந்தரலிங்கத்தின் குரல் மட்டும் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றது. மறுபடியும் டிக், டிக். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் வைத்தார். மூலையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். பேச்செல்லாம் சிங்களத்தில், சுந்தரலிங்கத்துக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு.

"தாளம் சேர். பாட்டுக்குத் தாளம்."

"பாட்டு எங்கே?"

"பாட்டு இதில் இல்லை சேர். இது வெறும் தட்டு மட்டும்."

"பாட்டில்லாத தாளம் எதற்கு?"

இங்கேதான் மகாராசன் கோட்டை விட்டான். கேட்டது பொலிஸ் என்பது அவனுக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. யாரோ ஒருவர் தன் வித்தையைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறார், அது மட்டும்தான் காதில் விழுந்தது. கதிரையில் முன்னால் நகர்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"அதுதான் சேர் இதில் உள்ள அழகே! ஒரு ஆள் கெலிஓயாவில் இருக்கலாம். இன்னொரு ஆள் நாட்டின் மற்ற மூலையில் இருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லை, பேசத் தேவையில்லை. கையில் இந்தத் தட்டு இருந்தால் போதும், இரண்டு பேரும் ஒரே வேலையை ஒரே நொடியில் செய்வார்கள். இம்மி பிசகாது சேர்!"

சொல்லி முடித்துச் சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ரேடியோவை நிறுத்தினார். "கெலிஓயா ஆள் யார்?"

"சாஹுல் ஹமீது சேர். கல்யாணங்களுக்கு டிரம் அடிக்கிறவர்." நம்பரையும் சொன்னான். எழுதிக்கொண்டார்கள்.

"மற்ற மூலை என்றாயே. அது எந்த மூலை? அங்கே யார்?"

உண்மையைச் சொல்லிவிடலாம். உண்மையில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பிள்ளை பாட்டுப் பாடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் குற்றத்தைச் செய்தவனைத் தேடிப் பிடித்தார்களா, பிடித்தவனிடம் குற்றத்தைத் தேடினார்களா? அவள் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள், தங்கள் வீடு இருக்கிற சின்ன ஒழுங்கையில் மட்டும் ஒரே மாதத்தில் மூன்று பேரைக் கூட்டிப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று. கமலாசனி என்கிற பெயர் இந்த மேசையில் இருக்கிற புத்தகத்தில் ஏறினால், இங்கிருந்து ஒரு டெலிபோன் போகும். பிறகு அவளுடைய வாசலில் ஒரு வாகனம் நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுந்தரலிங்கத்தின் வாய் வேலை செய்யவில்லை.

"வடக்கில் யாரையும் தெரியுமா?"

"இல்லை சேர். மூலை என்று பேச்சுக்குச் சொன்னேன். பாடுவது என் மனைவி. வீட்டில்தான் பாடுவாள்."

"சரி. கூப்பிடு அவளை" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாலாம்பிகை மாநகர சபைக் கந்தோரில் கிளார்க். கோயில் பஜனையில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் ஒரு வரி பாடிச் சுந்தரலிங்கம் கேட்டதில்லை. அவளுக்கு விசயத்தைச் சொல்ல வழியுமில்லை. டெலிபோனில் கான்ஸ்டபிள்தான் பேசினார். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். கந்தோர்க் குடையைக்கூட மடக்க மறந்து, விரித்தபடியே உள்ளே கொண்டுவந்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்று தமிழில் தொடங்கினாள்.

"சிங்களத்தில் பேசு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுந்தரலிங்கம் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "நீ பாடுகிற பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் காற்றுப் பாட்டு. அதற்காக நான் செய்த தட்டுதான் இந்தச் சீடி என்று சொன்னேன்."

பாலாம்பிகை அவனைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். மேசையில் கிடந்த வயர்களைப் பார்த்தாள். அவளா பாடுகிறவள்? யாருடைய பாட்டு அது, யாருடைய பெயர் இங்கே வரக் கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு பார்வைக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரி. புருசனுக்கு வாயைக் கொடுத்த கடவுள், அவளுக்காவது மூளையைக் கொடுத்திருந்தார்.

"ஓமய்யா. நான்தான் பாடினேன்" என்றாள்.

"அப்படியென்றால் பாடு."

ரேடியோவைப் போட்டார்கள். டிக், டிக், டிக். அவள் குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எத்தனையாவது தட்டில் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இரண்டு பேருடைய கதையும் முடிந்தது. சுந்தரலிங்கம் மேசைக்குக் கீழே கால் கட்டைவிரலால் தரையில் தட்டி எண்ணினான். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று சீடியில் அவனுடைய குரல் வந்தது. அதற்கு அடுத்த தட்டில், சரியாக அடுத்த தட்டிலேயே, பாலாம்பிகை எடுத்தாள்.

*மழைக்கு முன்னே வந்த காற்றே…*

மூன்று மாதமாக வீட்டில் இரவு பகல் பாராமல் ஓடிய பாட்டு. அரிசி களையும்போதும் சேலை மடிக்கும்போதும் காதில் ஏறி உட்கார்ந்திருந்தது. தாளம் தப்பவில்லை, சுருதிதான் அநியாயத்துக்குக் கீழே கிடந்தது. உயிர் போகிற அந்த நேரத்திலும், "கொஞ்சம் மேல புடி" என்று சொல்ல சுந்தரலிங்கத்தின் நாக்கு துடித்தது. இந்த ஜென்மத்தை என்ன செய்ய! முழுப் பாட்டையும் பாடவிட்டார்கள். கடைசி வரியில் அவள் அழுதுகொண்டே பாடினாள்.

கான்ஸ்டபிள் வாசல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "குரல் அவ்வளவு இல்லை."

"கம்ப்யூட்டரில் போட்டுச் சரி செய்வோம் சேர்" என்றான் சுந்தரலிங்கம்.

"அந்தப் பாட்டு இன்டர்நெட்டில் இருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல முடியாது. ஊரில் பாதிப் பேரிடம் கேட்கச் சொல்லி அலைந்தவன் அல்லவா!

"இருக்கிறது சேர்."

"பக்கத்தின் பெயர், உன்னுடைய மின்னஞ்சல், அதைத் திறக்கிற சொல், எல்லாம் எழுது. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வருவார். நீ சொன்னது சரியா என்று அவர் பார்ப்பார்."

வெளியே வந்தபோது பின்னேரம் நாலு மணி. வீட்டுக்குப் போகவில்லை, கட்டுகலையில் கைரியா என்கிற பெண் நடத்துகிற இன்டர்நெட் கடைக்கு நேரே போனார்கள். திங்கட்கிழமை வரை பொலிஸ்காரர்கள் காத்திருப்பார்கள் என்று யார் கண்டது? இந்த நிமிடமே எங்கேயாவது உட்கார்ந்து யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தால்?

"என்ன மாஸ்டர், மொகமெல்லாம் வெளிறிப் பெய்த்திருக்கி?" என்றாள் கைரியா.

"ஒண்ணுமில்ல. கடைசி மெஷின் இருக்கா?"

பக்கம் திறக்க எடுத்த நேரத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துவிடலாம். முதலில் தலைப்பு வந்தது. பிறகு பாதிப் படம் வந்து நின்றது. கமலாசனியின் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன. வீதியில் ஒரு ஜீப் நின்றது. பாலாம்பிகை எட்டிப் பார்த்துவிட்டு, "நிக்குதுங்க, நீங்க வேலயப் பாருங்க" என்றாள். மின்னஞ்சலில் கமலாசனி எழுதிய கடிதங்களையும் அவளுக்குத் தான் அனுப்பியவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தான். அழித்தவை போய் விழுகிற பெட்டியையும் துடைத்தான். ஜீப் போயிற்று. படத்தை எடுத்தான். அவளுடைய பெயரைச் சொல்லிப் பாராட்டிய கருத்துகளை எல்லாம் எடுத்தான்.

பெயருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"பாட்டயே தூக்கிரவா?" என்று கேட்டான்.

"தூக்கினா திங்கக்கிழமை எதக் காட்டுவீங்க? நா பாடினேன்னுல்ல சொல்லியிருக்கோம்." பாலாம்பிகை குரலைத் தாழ்த்தினாள். "எம்பேரப் போடுங்க."

"அடுத்தவ குரலுக்கு உம்பேரா? நானா போடுறது?"

"பாவந்தாங்க அந்தப் புள்ள. எனக்கு மட்டும் நெஞ்சு வலிக்கலயா? போடுங்க."

'குரல், வரிகள்: பாலாம்பிகை, கண்டி' என்று அடித்தான். அடித்து முடித்ததும் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

கமலாசனிக்கு இரண்டு வரி எழுதி எச்சரிக்கலாமா என்றுதான் அவனுக்கு அடுத்த யோசனை. எப்படி எழுதுவது? கடைக்காரர்தான் திறப்பார், கடைக்காரர்தான் அச்சடிப்பார். கடைக்குள் எந்நேரமும் யாரோ நிற்பார்கள். 'உன்னைப் பற்றிப் பொலிஸ் கேட்டது' என்று கண்டியிலிருந்து ஒரு தாள் அங்கே போனால், அந்தத் தாளே அவளைப் பிடித்துக் கொடுத்துவிடும். தபாலும் பிரித்துப் படிக்கிறார்கள். பேசாமல் இருப்பது ஒன்றுதான் வழி. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதனுக்கு அதுதான் வாய்த்தது.

திங்கட்கிழமை வந்தவர் சின்ன வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். மடியில் வைக்கிற கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, கீழிருந்து மேல்வரை பார்த்தார். பாட்டை இரண்டு முறை கேட்டார். பாலாம்பிகை பாடியதைக் கேட்டிராத அதிர்ஷ்டசாலி. "நல்ல குரல்" என்று சொல்லிவிட்டு, "இந்தப் பக்கத்தை மூடவும் கூடாது, திறக்கிற சொல்லை மாற்றவும் கூடாது. அடிக்கடி பார்ப்போம்" என்றார். வயர்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சீடியைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சுந்தரலிங்கம் கல்யாண வீடுகளில் வாசித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்தான். ஆனாலும் பாட்டு தன்பாட்டில் பரவியது. 'பாலாம்பிகை அக்கா, என்ன குரல்!' என்று யார் யாரோ எழுதினார்கள். கந்தோரில் ஒருத்தி கையைப் பிடித்து, "இவ்வளவு நாளா மறைச்சிட்டீங்களே" என்றபோது பாலாம்பிகை கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை. கைரியாவின் கடையில் பக்கத்தைத் திறந்தான். பாட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கருத்து இருந்தது.

'இது என்ர குரல். இது நான் எழுதின பாட்டு. கமலாசனி, யாழ்ப்பாணம்.'

யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள்? அழித்தான். அழித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் மறுபடியும் இருந்தது. 'அழிச்சுப்போட்டியளே அண்ணா. என்னட்ட ஒண்டும் இல்லை, அந்தப் பேர் மட்டும்தான் இருந்தது. அதையும் எடுத்து உங்கட மனிசிக்குக் குடுத்திட்டியளே.' அழித்தான். கண் மறைத்தது, இரண்டு தடவை தவறான இடத்தில் அழுத்தினான்.

மூன்றாம் நாள் பாலாம்பிகையும் கூட வந்தாள். அன்று கமலாசனி எழுதியிருந்தது நீளம். பொய் சொல்லவில்லை என்று நிரூபிப்பதற்காகத் தன் பாடசாலையின் பெயர், ஒழுங்கை, வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் போட்டிருந்தாள். 'ஆரும் வந்து விசாரிக்கலாம். நான் இஞ்சதான் இருக்கிறன்' என்று முடித்திருந்தாள்.

வீட்டு இலக்கம்! காலையிலிருந்து கிடக்கிறது. கண்ணாடிக்காரர் இன்றைக்குப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அழித்தான். அழித்தால் நாளைக்கும் எழுதுவாள். அழிக்க அழிக்க இன்னும் இன்னும் தன்னைக் காட்டிக் கொடுப்பாள். அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஒருவரை இனி எப்போதும் எழுதவிடாமல் தடுக்கிற பொத்தான். மூன்று வருடத்தில் குடிகாரன், கெட்ட வார்த்தை பேசுகிறவன் என்று யாருக்கும் அவன் அதைப் பாவித்ததில்லை. பாட வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தக் கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கமலாசனியின் பெயரைத் தெரிவு செய்து அதை அழுத்தினான். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றான்.

"நம்மள என்னன்னுங்க நெனப்பா?" என்றாள் பாலாம்பிகை.

"திருடன்னு நெனப்பா. வேற என்னன்னு நெனப்பா?"

"நெனக்கட்டும்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கயாவது உசுரோட இருந்து நெனச்சா போதுங்க."

அடுத்த ஆள் மெஷினுக்குக் காத்து நின்றார். எழுந்து இடம் விட்டார்கள்.